எல்லாருக்கும் ஒரே எஸ்எம்எஸ் அனுப்பலாமா?

டவுன்ஹால் ரோடு பக்கம் லாட்ஜ் வைத்திருக்கும் நண்பர் கேட்டார்: "வந்து தங்கின எல்லாருக்கும் ஆஃபர் எஸ்எம்எஸ் அனுப்புறேன். ஒருத்தரும் வர்றதில்லையே, ஏன் சார்?"

'எல்லாருக்கும்' என்பதுதான் கோளாறு. மீனாட்சி அம்மனைத் தரிசித்துவிட்டு ராமேஸ்வரம் போகிற குடும்பம் அடுத்த மாதமே திரும்பி வராது. சபரிமலை போகும் வழியில் தங்குகிறவர்கள் அடுத்த கார்த்திகையில் வரலாம். 2004-ல் உயர் நீதிமன்றக் கிளை இங்கே வந்தபின், வழக்கு விஷயமாக வருகிறவர்கள் தனி ரகம்: வார நாள், ஒரே ஆள், ஒரு ராத்திரி, மறுபடி மறுபடி.

லெட்ஜரிலிருந்து இவர்களைப் பிரிக்க கே-மீன்ஸ் என்ற முறை உதவும். பெல் லேப்ஸில் ஸ்டூவர்ட் லாயிட் 1957-லேயே யோசித்தது. எத்தனை குழு என்று நாம் சொல்லணும். குழுவுக்கு ஒரு மையம் வைத்து, பக்கத்தில் இருப்பவர்களைச் சேர்த்து, அவர்களின் சராசரியைப் புது மையமாக்கும். யாரும் குழு மாறாத நிலை வரும்வரை இதையே திரும்பச் செய்யும்.

இங்கேதான் பலர் சறுக்குவார்கள். வாடகை 800, 3000 என்று இருக்கும். தங்கிய இரவுகள் 1, 3. அப்படியே கொடுத்தால் ரூபாய் மட்டுமே பேசும். காசுள்ளவர், இல்லாதவர் என்றுதான் பிரியும். எல்லாவற்றையும் ஒரே வீச்சுக்குக் கொண்டுவந்த பிறகே ஓட்டணும்.

கணினி தருவது குழு 1, குழு 2 மட்டும்தான். அது யார் என்று சொல்ல ரிசப்ஷனில் இருக்கும் அண்ணன்தான் வேண்டும். ஒரு எச்சரிக்கை: "கேஸ் எப்படிப் போகுது?" என்று அனுப்பிவிடாதீர்கள். "வார நாட்களில் சிங்கிள் ரூம் சலுகை" என்றால் போதும், புரிய வேண்டியவருக்குப் புரியும்.