கரன்ட் கட்... ஃப்ரிட்ஜில் எதை வைத்துக்கொள்ளலாம், எதைக் கொட்டணும்?

"நாளைக்கு காலையில 9 மணிக்கு கரன்ட் போனா சாயங்காலம்தான் வருமாம்!"

மாதாந்திரப் பராமரிப்பு அறிவிப்பைப் பார்த்ததும் ஸ்ரீரங்கம் வீடுகளில் முதல் வேலையாக மோட்டார் போட்டு டேங்க்கை நிரப்பிவிடுவார்கள். ஃப்ரிட்ஜை மறந்துவிடுவோம். போன மே மாதம் நானும் மறந்தேன். முதல்நாள் சாம்பாரை 'கொதிக்க வெச்சா சரியாகிடும்' என்று சாப்பிட்டுவிட்டு, 2 நாள் லீவு போட வேண்டியதாகிவிட்டது.

கதவைத் திறக்காமல் இருந்தால் ஃப்ரிட்ஜின் குளிர்ச்சி சுமார் 4 மணி நேரம் தாங்கும். நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரம், பாதி நிறைந்தது 24 மணி நேரம். திருச்சி வெயிலில் அதை முழுசாக நம்ப வேண்டாம். அதனால் முந்தின ராத்திரியே தண்ணீர் பாட்டில்களை ஃப்ரீசரில் உறைய வைத்து, காலையில் கரன்ட் போகும்முன் கீழ்த்தட்டுகளுக்கு மாற்றிவிடுங்கள். பாக்கெட் பாலைக் காய்ச்சி உறை ஊற்றிவிடலாம். மீன், சிக்கனை அன்றைக்கு வாங்கவே வேண்டாம்.

குளிர் 5 டிகிரியைத் தாண்டி 2 மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டால் சமைத்த குழம்பு, பொரியல், பால், அசைவம், துருவிய தேங்காய், சட்னி எல்லாம் குப்பைக்குத்தான். வாசனை நன்றாக இருக்கிறதே என்று ஏமாறக் கூடாது. குறிப்பாக, சாதம். அதில் வளரும் 'பேசில்லஸ் சீரியஸ்' என்ற பாக்டீரியா விடும் நச்சு, மறுபடி சுட வைத்தாலும் போகாது. தயிர் புளிக்கும், அவ்வளவுதான். இட்லி மாவும் அப்படியே. பூஞ்சை தெரிந்தால் மட்டும் கொட்டிவிடுங்கள். வெண்ணெய், ஊறுகாய், முழுக் காய்கறிகளுக்குக் கவலையில்லை.

ஊருக்குப் போகிறீர்களா? ஒரு டம்ளர் தண்ணீரை உறைய வைத்து, மேலே ஒரு ரூபாய் காசை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது காசு அடியில் கிடந்தால், நீங்கள் இல்லாதபோது ஃப்ரீசர் முழுசாக உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று அர்த்தம்.

இதெல்லாம் ஒருநாள் கட்டுக்கு. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் கரை கடந்த பிறகு, டெல்டாவில் பல ஊர்களுக்கு வாரக்கணக்கில் கரன்ட் வரவில்லை. அந்த மாதிரி சமயத்தில் ஃப்ரிட்ஜ் வெறும் அலமாரிதான்; அன்றன்றைக்குச் சமைத்து அன்றே தீர்ப்பதுதான் வழி.

வீட்டில் இன்சுலின் போடுபவர்கள் இருந்தால், மருந்தை பிளாஸ்டிக் டப்பாவில் மூடி, ஈரத்துணி சுற்றிய மண்பானைக்குள் நிழலில் வையுங்கள். ஐஸை ஒட்டி வைக்காதீர்கள். ஒருமுறை உறைந்த இன்சுலின், உருகினாலும் உதவாது.