சைரன் ஒலித்தால் எந்தப் பக்கம் ஓடுவது?

போபால், 1984. யூனியன் கார்பைடு ஆலையில் விஷவாயு கசிந்த இரவில், ஊருக்கான சைரன் சிறிது நேரம் ஒலித்ததும் நிறுத்தப்பட்டது. ஈரத்துணியால் முகத்தை மூடினால் பாதிப்பு குறையும் என்பதுகூட மக்களுக்குத் தெரியாது.

என்ன ஆபத்து, விபத்தின்போது என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யக்கூடாது என்பதை அக்கம்பக்கத்தினருக்கு ஆலை நிர்வாகம் தெரியப்படுத்த வேண்டும் என்கின்றன, 1989-ல் வந்த அபாயகர ரசாயன விதிகள்.

ஆனாலும், 2020 மே 7 அதிகாலையில் விசாகப்பட்டினம் எல்.ஜி. பாலிமர்ஸில் ஸ்டைரீன் கசிந்தபோது, 36 இடங்களிலிருந்து இயக்கும் வசதி இருந்தும் சைரன் ஒலிக்கவில்லை என்றது ஆந்திர அரசின் விசாரணைக் குழு. தூக்கத்திலேயே சிக்கிக்கொண்டார்கள் மக்கள்.

உங்கள் வீட்டருகே ரசாயன ஆலை இருக்கிறதா? சைரன் எப்படி ஒலிக்கும், எந்தத் திசையில் போக வேண்டும் என்று இன்றே கேளுங்கள். பதில் சொல்வது அவர்கள் கடமை.