கடன் தரமதிப்பீட்டு நிறுவனங்கள்: அரசு ஒழுங்குமுறையும் சுய ஒழுங்குமுறையும்

முன்னுரை

கடன்பத்திரம் வெளியிடும் நிறுவனம் அசலையும் வட்டியையும் உரிய காலத்தில் செலுத்துமா என்பதைக் குறியீட்டால் உணர்த்துவது கடன் தரமதிப்பீடு ஆகும். இதனை வழங்கும் நிறுவனங்களை அரசு ஒழுங்குபடுத்த வேண்டுமா, அவை தம்மைத் தாமே நெறிப்படுத்திக்கொள்ள விடலாமா என்பதை அமெரிக்க, இந்திய அனுபவங்களின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

சுய ஒழுங்குமுறை

1909இல் ஜான் மூடி அமெரிக்க இரயில்வே கடன்பத்திரங்களைத் தரப்படுத்தி நூலாக வெளியிட்டார். அதனை விலை கொடுத்து வாங்கியோர் முதலீட்டாளர்கள். மதிப்பீடு பொய்த்தால் நற்பெயர் கெடும். அந்த அச்சமே நிறுவனத்தை நெறிப்படுத்தும் என்பது சுய ஒழுங்குமுறையை ஆதரிப்போர் வாதம். 1970களில் இவ்வாதத்தின் அடித்தளம் இருவகையில் மாறியது. ஒன்று, கடன்பத்திரம் வெளியிடுவோரே கட்டணம் செலுத்தும் முறை பரவியது. மற்றொன்று, 1975இல் அமெரிக்கப் பங்குப் பரிவர்த்தனை ஆணையம், தான் ஏற்ற நிறுவனங்களின் மதிப்பீட்டைத் தரகு நிறுவனங்களுக்கான மூலதன விதியில் அளவுகோலாக்கியது. மதிப்பீட்டுக்குச் சட்ட மதிப்புக் கிடைத்தது. அதற்கு ஈடான பொறுப்பு விதிக்கப்படவில்லை.

2001 டிசம்பர் 2 அன்று திவால் மனு அளித்த என்ரான் நிறுவனம், அதற்குச் சில நாள்கள் முன்புவரை முதலீட்டுக்கு உகந்தது என்னும் தரத்திலேயே இருந்தது. இதன் பின்னர், 2004இல் பங்குச்சந்தை ஆணையங்களின் பன்னாட்டு அமைப்பு நடத்தை நெறிகளை வெளியிட்டது. அவற்றைப் பின்பற்றலாம், பின்பற்றாவிடில் காரணம் கூறினால் போதும் என்பதே அதன் அணுகுமுறை.

அரசு ஒழுங்குமுறை

அமெரிக்காவின் 2006ஆம் ஆண்டுச் சட்டம் பதிவையும் கண்காணிப்பையும் ஆணையத்திடம் ஒப்படைத்தது. எனினும், மதிப்பீட்டின் உள்ளடக்கத்திலும் வழிமுறையிலும் ஆணையம் தலையிடுவதைத் தடைசெய்தது. ஈராண்டுகளில் நிகழ்ந்த நிதி நெருக்கடியில், மிக உயர்ந்த தரம் பெற்ற வீட்டுக்கடன்சார் பத்திரங்கள் பல வீழ்ந்தன. 2010ஆம் ஆண்டு டாட்-ஃபிராங்க் சட்டம் கண்காணிப்பைக் கடுமையாக்கியதோடு, அரசு விதிகளிலிருந்து தரமதிப்பீட்டுக் குறிப்புகளை நீக்கவும் ஆணையிட்டது.

இந்தியாவில் செபி அமைப்பு 1999இலேயே தனி ஒழுங்குமுறை விதிகளை வகுத்தது. ஆயினும், 2018 ஆகஸ்டு வரை மிக உயர்ந்த தரத்தைப் பெற்றிருந்த ஐ.எல். அண்ட் எஃப்.எஸ். நிறுவனம் செப்டம்பரில் கடன் தவறிய நிலைக்குத் தாழ்த்தப்பட்டது. அதன் பத்திரங்களில் தொழிலாளர் வருங்கால வைப்பு நிதிப் பணமும் முடங்கியது. 2019 டிசம்பரில் மூன்று தரமதிப்பீட்டு நிறுவனங்களுக்குச் செபி தலா 25 இலட்சம் ரூபாய் தண்டம் விதித்தது.

முடிவுரை

நெறி மட்டும் இருந்த இடத்தில் என்ரானும், விதி இருந்த இடத்தில் ஐ.எல். அண்ட் எஃப்.எஸ். நிறுவனமும் வீழ்ந்தன. மதிப்பிடப்படுவோரே மதிப்பிடுவோருக்குக் கட்டணம் தரும் முறை இரண்டிடத்தும் மாறவில்லை. பதிவும் தண்டமும் இம்முரணின் விளைவைக் குறைக்கலாம். முரணைக் களைய மாட்டா. மறுபுறம், அரசே தரத்தை நிர்ணயித்தால் அது அரசின் உத்தரவாதமாகக் கொள்ளப்படும் இடருண்டு. எனவே, தரத்தைத் தீர்மானிக்கும் உரிமையை நிறுவனத்திடம் விட்டு, கட்டணம் வரும் வழியை அரசு ஒழுங்குபடுத்துவதே பொருத்தமான எல்லைப் பிரிப்பாகும்.