மணலின் கீழ் மிதக்கும் நன்னீர்

பாலமுனையின் கரையோர மணலிற் சில அடி தோண்டியதும் நீர் ஊறுகின்றது. உவர்க்கடல் கூப்பிடு தூரத்திலிருக்க, அந்நீர் குடிக்கத்தக்கதாய் இருப்பது எவ்வாறு? இதனை அறிந்த கமக்காரரே தம் கிணற்றைக் காக்க வல்லவர்.

மாரி மழை மணலினூடே இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. கடல்நீர் பாரங் கூடியது. 39 படி கடல்நீரின் நிறை ஏறத்தாழ 40 படி நன்னீரின் நிறைக்குச் சமனாகும். ஆதலின், கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 அடி நிற்குமாயின், கீழே சுமார் 40 அடிவரை நன்னீர் தங்கலாம் என்பது கணக்கு. இக்கணக்கின் மறுபுறமே நமக்கு எச்சரிக்கை: நீர்மட்டம் 1 அங்குலம் தாழ்ந்து நிலைத்தால், நாளடைவில் உவர்நீர் 40 அங்குலம் ஏறிவர இடமுண்டாகும்.

துலாவால் இறைத்த காலத்திற் கிணறு ஊற அவகாசமிருந்தது. நீரிறைக்கும் இயந்திரமோ சிறிது நேரத்தில் அடிவரை உறிஞ்சிவிடுகின்றது. அப்பொழுது கிணற்றின் நேர்கீழே உவர்நீர் கூம்புபோல் மேலெழும். வெங்காயமும் மிளகாயும் முதலில் வாடும். இலை நுனி கருகும்.

2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆந் திகதி ஆழிப்பேரலை கீழ்க்கரைக் கிணறுகளை உவர்நீரால் நிரப்பியது. அவற்றைத் துப்புரவாக்கும் நோக்குடன் பலவிடங்களில் மீண்டும் மீண்டும் இறைத்தனர். அளவுக்கு மிஞ்சி இறைத்தமையால் அடியிலிருந்த உவர்நீரும் மேலேறியதென நீரியல் வல்லுநர் பின்னர் கண்டனர். உப்பைக் கழுவியது பெரும்பாலும் அடுத்துவந்த மாரி மழையே.

மணல் நீரை விரைவில் உட்கொள்வதுபோலப் பசளையையும் உட்கொள்ளும். ஒரே முறையில் மிகுதியாக இட்ட யூரியா, நைத்திரேற்றாக மாறிக் கிணற்றைச் சேரும். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்பட்ட நைத்திரேற்று, புட்டிப்பால் அருந்தும் குழந்தைக்கு ஆபத்தானது. கொதிக்க வைத்தல் கிருமியை அழிக்கும். உப்பையோ நைத்திரேற்றையோ நீக்காது.

ஆகவே கமக்காரர்கள் கைக்கொள்ள வேண்டியவை:

1. ஒரே கிணற்றை நெடுநேரம் இறைக்காது, காலையும் மாலையும் சிறிது சிறிதாக இறைத்தல். ஆழமான ஒரு கிணற்றிலும் ஆழங்குறைந்த இரு கிணறுகள் மேல்.

2. நீர் உவர்த்தால் கிணற்றை மேலும் ஆழமாக்காது, இறைப்பைக் குறைத்து ஊறவிடுதல்.

3. பாத்திகளுக்கு வைக்கோல் மூடாக்கிட்டு, நீர்த்தேவையைக் குறைத்தல்.

4. மக்கிய எருவைச் சேர்த்து, யூரியாவைப் பயிரின் பருவத்திற்கேற்பப் பல தடவைகளிற் பிரித்திடுதல்.

5. நெல்வயலில் மருந்து தெளித்தபின் சில நாட்களுக்கு வக்கடையை அடைத்து வைத்தல். தெளிகருவியைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ கழுவாதிருத்தல்.

6. மலசலகூடக் குழியைக் கிணற்றிலிருந்து 50 அடிக்குக் குறையாத தூரத்தில் அமைத்தல். மணல் நிலத்தில் இயன்றளவு கூடுதலான தூரமே நன்று. கிணற்றுக்குக் கட்டும் மூடியும் அவசியம்.

7. கூரைநீரையும் வளவுநீரையும் மாரியில் வீதிக்கு விடாது, மணலில் இறங்கச் செய்தல். வளவு முழுவதையும் சீமெந்தால் மூடுவது மழைக்குக் கதவடைப்பதாகும்.

குழாய்நீர் எட்டிய வீட்டாரும் தோட்டக் கிணற்றைக் கைவிடலாகாது. மணலுக்கடியில் வேலியில்லை, ஒருவர் வளவில் மிதமிஞ்சி இறைத்தால் அயலவர் கிணறும் உவர்க்கும். ஆதலின், அயலவர் ஒன்றுகூடி இறைக்கும் முறையை வகுத்துக்கொள்ளல் நன்று. மாரி தந்ததை மாரி வரும்வரை அளவோடு எடுப்போமாயின், இம்மணல் நம் பிள்ளைகளுக்கும் நன்னீர் தரும்.