கல்கத்தாச் சதுரங்கமும் நமது கடமையும்

1855-ம் வருஷம் மே மாதம் கல்கத்தாவில் நடைபெற்ற ஒரு சதுரங்க ஆட்டத்தை இன்று வாசகர்கள் முன் வைக்கிறோம். அதில் தோற்றவர் நம்மவர். தோல்வியைப் பேசுவானேன் என்று சிலர் வினவக்கூடும். அந்தத் தோல்வியிலேதான் நாம் கற்க வேண்டிய பாடம் இருக்கிறது என்பது நமது துணிபு.

வெள்ளைக் காய்களை நடத்தியவர் ஜான் கோக்ரேன். ஸ்காட்லாந்துக்காரர், கல்கத்தாவில் பாரிஸ்டர், ஐரோப்பாவிலும் பெயர் பெற்ற ஆட்டக்காரர். கறுப்புக் காய்களை நடத்தியவர் மகேசசந்திர பானர்ஜி. வங்கத்து முபசலில் தோல்வியே அறியாதவரெனப் பேசப்பட்ட அந்தணர். 1848 முதல் இவ்விருவரும் அநேக ஆட்டங்கள் ஆடினர். நம் நாட்டுப் பழைய முறையில் சிப்பாய் முதல் நகர்த்தலிலும் ஒரே கட்டந்தான் செல்லும். ஆகவே நம்மவர் பலகையின் நடுவே பாய்ந்தோடாமல், குதிரைக்கு முன்னுள்ள சிப்பாயை ஓரடி நகர்த்தி, அதன் பின்னே மந்திரியை நிறுத்தித் தூரத்திலிருந்தே நடுவைத் தாக்குவர். ஐரோப்பிய விதிகளின்படி ஆடியபோதும் மகேசசந்திரர் இவ்வழக்கத்தை விடவில்லை. இந்த ஆட்டத்திலும் அவ்விதமே அணிவகுத்தார்.

கோக்ரேனின் தாக்குதலை நாம் குறைத்துரைக்கப் போவதில்லை. பதினைந்தாம் நகர்த்தலில் அவரது யானை புறப்பட்டுக் கறுப்பு ராணியை மிரட்டியது. அடுத்த நகர்த்தலில் மீண்டும் மிரட்டியது. ராணி தான் புறப்பட்ட கட்டத்துக்கே திரும்பியது. அச்சமயத்தில் வெள்ளைக் குதிரை, தன் பக்கத்து மந்திரி வெட்டுப்படுமென்பதையும் பொருட்படுத்தாமல் முன்னே பாய்ந்தது. மகேசசந்திரர் அந்த மந்திரியை வெட்டினார். குதிரையோ, ராஜாவை அடுத்திருந்த சிப்பாயை வெட்டிக் கோட்டைக்குள் புகுந்தது. இவர் தமது குதிரையை ஓரத்துக்கு நகர்த்தி வெள்ளை ராணியைக் குறிவைத்தார். வெள்ளை ராணி விலகுமென எதிர்பார்த்தார் போலும்!

ராணி விலகவில்லை. அதன் பின் மூன்றே நகர்த்தல்களில் முடிவு. குதிரை விலக, அதனாலும் ராணியாலும் ஒருங்கே இரட்டைச் செக். ராஜா மூலைக்கு ஓடும். வெள்ளை ராணி தானே சென்று அவ்வரசன் அருகில் பலியாகும். அதனைக் கறுப்பு யானை வெட்டியாக வேண்டும்; அந்த வெட்டே ராஜாவின் கடைசி வாயிலை அடைத்துவிடும். பின்னர் ஒற்றைக் குதிரை மாத்துச் சொல்லும். சொந்தச் சேனை சூழ்ந்திருக்க, அடியெடுத்து வைக்க இடமின்றி அரசன் வீழ்கிறான்!

எதிரியின் மந்திரியை வெட்டும் ஆசையில் தன் அரசனின் வாயிலைக் காவாது விட்டதே இத்தோல்வியின் காரணம். அரசியல் ஊழியம் புரியும் அன்பர்கள் இதனை விளக்கமின்றியே உணர்வர்.

ஆயினும் கதை இவ்வளவோடு முடியவில்லை. வீழ்ந்தது ஓர் ஆட்டம், அணிவகுப்பு வீழவில்லை. 1884-லேயே இவ்வகை ஆட்டத்துக்கு ‘இந்தியத் தடுப்பு’ என்னும் பெயர் வழங்கக் காண்கிறோம். 1922-ல் வியன்னாவில் எர்னஸ்ட் குருன்ஃபெல்டு என்பவர், பின்னாளில் உலக சாம்பியனான அலேகினை, மகேசசந்திரர் இந்த ஆட்டத்தில் கையாண்ட அதே முறையைக் கொண்டு வென்றார். அது முதல் அம்முறை குருன்ஃபெல்டு தடுப்பு என்றே உலகெங்கும் வழங்குகிறது. அறுபத்தேழு ஆண்டுகளுக்கு முன்னரே அதனை ஆடியவரின் பெயரை எத்தனை பேர் அறிவர்?

இதற்காக ஐரோப்பியரை நாம் நோவதற்கில்லை. அவர்கள் ஆட்டங்களைக் குறித்து வைத்தனர். குறித்து வைத்தமையாலேயே மகேசசந்திரர் இருந்தார் என்பதும் நமக்குத் தெரிகிறது. தம் நகர்த்தலைக் குறித்து அவர் என்ன கருதினார், எங்கே பிழைத்தோமென எண்ணினார் என்பதற்கு அவர் வாய்மொழி நம்மிடம் இல்லை. வழக்குமன்ற பாஷையில் சொன்னால், ஒரு கட்சியின் சாட்சியத்தை மட்டும் வைத்துக்கொண்டு தீர்ப்பெழுதும் நிலையில் இருக்கிறோம்.

மதுரையை அடுத்த கீழக்குயில்குடியில் உள்ளவர்களுக்கு எழுத்தின் வலிமையைப் பிறர் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அங்குள்ள சமணர் மலையில், பேச்சிப்பள்ளத்துத் திருமேனிகளின் கீழே, அவற்றைச் செய்வித்தோர் பெயர்கள் வட்டெழுத்தில் வெட்டப்பட்டிருக்கின்றன. அச்சணந்தியின் தாயார் குணமதியார் என்னும் ஒரு பெண்மணியின் பெயரை ஆயிரம் ஆண்டுகள் கழித்தும் நாம் படிக்கிறோம். நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு பேராட்டக்காரரின் மனத்தையோ நாம் அறியோம்.

2022-ல் மாமல்லபுரத்தில் சதுரங்க ஒலிம்பியாட் நடந்தது. 2024-ல் சென்னை இளைஞர் குகேஷ் பதினெட்டாம் வயதிலேயே உலக சாம்பியனானார். அவர்களுடைய ஆட்டங்கள் ஒவ்வொரு நகர்த்தலும் பதிவாகின்றன. கிராமத்து ஆலமரத்தடியிலும் பள்ளிக்கூடத் திண்ணையிலும் ஆடப்படுபவை காற்றோடு போகின்றன. ஆதலின் ஆசிரியர்களுக்கும் இளைஞர் சங்கத்தாருக்கும் நமது வேண்டுகோள் இதுவே: பலகையோடு ஒரு நோட்டுப் புத்தகத்தையும் பிள்ளைகள் கையில் கொடுங்கள். வென்ற ஆட்டத்தைப் போலவே தோற்ற ஆட்டத்தையும், எண்ணிய காரணத்தோடு, அவர்களே தமிழில் எழுதி வைக்கட்டும்.