சாக்லேட் ஏற்றிப் போன படகு

2010-ம் ஆண்டு, பிரேசிலின் பெலெம் நகரத்திலிருந்து ஒரு படகு அமேசான் ஆற்றுப் பகுதிக்குள் புறப்பட்டது. நல்ல சாலையோ பெரிய கடையோ இல்லாத ஆற்றங்கரை ஊர்களுக்கு அது ஒரு மிதக்கும் பல்பொருள் அங்காடி. அனுப்பியது சுவிட்சர்லாந்தின் நெஸ்லே நிறுவனம். பால் பவுடர், யோகர்ட், சாக்லேட், பிஸ்கட் என ஏராளமான பொருட்கள் அதில் இருந்தன. ஆற்று மீனையும் மரவள்ளி மாவையும் அசாயிப் பழத்தையும் உண்டு வாழ்ந்த மக்களின் படித்துறைக்கே சரக்கு வந்து நின்றது. 2017-ல் நெஸ்லே அந்தப் படகை நிறுத்திக்கொண்டது. ஆனால், ஏழு ஆண்டுகளில் அந்த ஊர்களுக்கு அந்த ருசி பழகிவிட்டிருந்தது. தனியார் படகுக்காரர்கள் அதே சரக்கை ஏற்றிக்கொண்டு போகத் தொடங்கினார்கள்.

நகரங்களில் படகுக்குப் பதில் தள்ளுவண்டி. ஏழைகள் வாழும் பகுதிகளில் உள்ளூர்ப் பெண்களே வீடு வீடாகப் போய் விற்றார்கள். பணத்தை ஒரு மாதம் கழித்துக் கொடுத்தால் போதும். ஏழைக் குடும்பங்களுக்கான அரசு உதவித்தொகை எந்த வாரம் கைக்கு வரும் என்பதும் விற்பவர்களுக்குத் தெரியும். கடன் வாங்கியவரிடம் அந்த நேரம் பார்த்துப் போனால் வசூல் சுலபம்.

‘மக்கள் விரும்பித்தானே வாங்குகிறார்கள்?’ என்று கேட்கலாம். இந்தக் கேள்விக்கான விடையைத் தேடியவர்களில் முக்கியமானவர், சாவோ பாவ்லோ பல்கலைக்கழகத்தின் கார்லோஸ் மொன்டெய்ரோ. பிரேசில் குடும்பங்கள் என்னென்ன வாங்குகின்றன என்ற பல ஆண்டுக் கணக்குகளை அவர் அலசியபோது ஒரு புதிர் தென்பட்டது. வீட்டுக்கு வாங்கும் சர்க்கரை, எண்ணெய், உப்பு எல்லாம் குறைந்துகொண்டே வந்தன. உடல்பருமனோ கூடிக்கொண்டே போனது. காரணம், சர்க்கரையும் எண்ணெயும் சமையலறை வழியாக வருவதற்குப் பதிலாகத் தொழிற்சாலை வழியாக, பாக்கெட்டுக்குள் ஒளிந்து வந்தன. 2009-ல் அவர் உணவை அதன் சத்தை வைத்துப் பிரிக்காமல், எவ்வளவு பதப்படுத்தப்பட்டது என்பதை வைத்துப் பிரித்தார். மாற்றியமைத்த மாவுச்சத்து, பிரித்தெடுத்த புரதம், செயற்கை மணம், நிறமி, குழம்பாக்கி என வீட்டு அடுக்களையில் பார்க்கவே முடியாத பொருட்களால் செய்யப்படுபவற்றை ‘மிகைப் பதப்படுத்தப்பட்ட உணவு’ என்று தனி வகையாக்கினார்.

அமெரிக்க தேசிய சுகாதாரக் கழகத்தில் அப்போது பணியாற்றிய கெவின் ஹால் இந்தக் கருத்தை ஏற்கத் தயங்கியவர். சத்து ஒன்றாக இருந்தால் உணவு எங்கே தயாரானால் என்ன என்பது அவர் சந்தேகம். சோதித்துப் பார்த்தார். 20 பேரை 28 நாட்கள் ஆய்வு மருத்துவமனையிலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் மிகைப் பதப்படுத்தப்பட்ட பாக்கெட் உணவும், இரண்டு வாரம் இயல்பான உணவும் கொடுத்தார். பரிமாறப்பட்ட சாப்பாட்டில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் ஒரே அளவு. விரும்பிய மட்டும் சாப்பிடலாம். பாக்கெட் உணவு நாட்களில் அவர்கள் வேகமாகச் சாப்பிட்டார்கள், தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், இரண்டே வாரத்தில் ஏறக்குறைய ஒரு கிலோ எடை கூடினார்கள். மற்ற இரண்டு வாரத்தில் அதே அளவு எடை குறைந்தது. சிறிய ஆய்வுதான். ஆனாலும், 2019-ல் வெளியான அது விவாதத்தின் திசையையே மாற்றியது. மனக்கட்டுப்பாடு இல்லாததால்தான் மக்கள் பருமனாகிறார்கள் என்ற வாதம் அதற்குப் பிறகு வலுவிழந்துவிட்டது.

நிறுவனங்கள் அந்த வாதத்தைக் காப்பாற்றச் செலவழித்த பணம் கொஞ்சமல்ல. உணவைவிட உடற்பயிற்சிக்கு அழுத்தம் தந்த விஞ்ஞானிகளின் அமைப்பு ஒன்றுக்குக் கோகோ கோலா நிதி கொடுத்தது 2015-ல் அம்பலமானது. கொலராடோ பல்கலைக்கழகம் தான் வாங்கிய 10 லட்சம் டாலரைத் திருப்பிக் கொடுத்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் அமைப்பே கலைந்தது.

இந்தப் போராட்டத்தின் கடுமை முழுதாகத் தெரிவது மெக்சிகோவில். கோகோ கோலாவின் மெக்சிகோ கிளைத் தலைவராக இருந்த விசென்தே ஃபாக்ஸ், 2000-ல் நாட்டின் அதிபரானார். தெற்கிலுள்ள சான் கிறிஸ்தோபல் நகரில், தினமும் 11 லட்சம் லிட்டருக்கு மேல் நிலத்தடி நீர் எடுக்க ஒரு குளிர்பான ஆலைக்கு உரிமம் உண்டு. அதே ஊரில் பல வீடுகளுக்கு வாரத்தில் சில நாட்களே குழாயில் தண்ணீர் வரும். பக்கத்திலுள்ள சமூலா பழங்குடியினரின் தேவாலய வழிபாட்டில்கூடக் கோலா பாட்டில் இடம்பிடித்துவிட்டது.

2014-ல் அரசு சர்க்கரை பானங்களுக்கு லிட்டருக்கு ஒரு பெசோ வரி போட்டது. முதல் ஆண்டில் விற்பனை 5.5%, அடுத்த ஆண்டு 9.7% குறைந்தது. ஏழைக் குடும்பங்களில்தான் குறைவு அதிகம். வரியை உயர்த்தக் கோரிய ஆய்வாளர்களுக்கும் நுகர்வோர் அமைப்பினருக்கும் 2016-ல் விசித்திரமான குறுஞ்செய்திகள் வந்தன. ஓர் ஆய்வாளருக்கு, அவருடைய மகள் விபத்தில் சிக்கிவிட்டாள் என்று செய்தி. அதிலிருந்த இணைப்பைத் தொட்டால் கைபேசிக்குள் பெகாசஸ் உளவு மென்பொருள் இறங்கியிருக்கும். அது அரசுகளுக்கு மட்டுமே விற்கப்படும் மென்பொருள். வரியை உயர்த்தக் கேட்டவர்களுக்கு நேர்ந்தது இது.

இவ்வளவுக்கு நடுவிலும் வெல்ல முடியும் என்று காட்டிய நாடு சிலி. 2016 ஜூனில், சர்க்கரை, உப்பு, கொழுப்பு மிகுந்த பாக்கெட்டுகளின் முகப்பில் கறுப்பு எண்கோண முத்திரை கட்டாயமானது. முத்திரை விழுந்த பொருளைப் பள்ளிகளில் விற்கக் கூடாது. குழந்தைகளைக் கவரும் பொம்மைப் படம் போடக் கூடாது. கெல்லாக்ஸ் பெட்டியிலிருந்த புலிப் படம் காணாமல் போனது. சட்டத்தின் முதல் கட்டத்திலேயே, முத்திரை விழும் அளவு சர்க்கரை கொண்ட பானங்களைக் குடும்பங்கள் வாங்குவது சுமார் 24% குறைந்தது. பல நிறுவனங்கள் முத்திரைக்குப் பயந்து சர்க்கரையைத் தாமாகவே குறைத்தன. மெக்சிகோவும் 2020-ல் இதே வழிக்கு வந்தது.

இந்தியாவில் 2022-ல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வரைவு, எச்சரிக்கை முத்திரைக்குப் பதில் நட்சத்திர மதிப்பெண்ணைப் பரிந்துரைத்தது. அதன்படி, சர்க்கரை கொட்டிய பிஸ்கட்டுக்கும் அரை நட்சத்திரமாவது கிடைத்துவிடும். நட்சத்திரத்தைப் பார்க்கும் குழந்தை அதைப் பரிசாகத்தானே நினைக்கும்? நமக்குத் தேவை எச்சரிக்கைதான். அதைக் கேட்டு வாங்க வேண்டியது நாம். அதுவரை, பாக்கெட்டைத் திருப்பிப் பின்பக்கப் பட்டியலைப் படியுங்கள். எடையில் அதிகமுள்ள பொருளைத்தான் அதில் முதலில் எழுத வேண்டும் என்பது சட்டம்.