நீர்மூழ்கிப் பம்பி: கிணற்றின் அளவறிந்து இறைத்தல்

யாழ்ப்பாணக் குடாநாட்டுத் தோட்டங்களில் முற்காலத்தில் துலாவினாலும் சூத்திரத்தினாலும் நீர் இறைக்கப்பட்டது. 1950ஆம் ஆண்டையடுத்து மண்ணெண்ணெயில் இயங்கும் பம்பிகள் பரவின. இக்காலத்தில் மின்சாரத்தால் இயங்கும் நீர்மூழ்கிப் பம்பி பல கிணறுகளில் இறக்கப்பட்டுள்ளது. துலா மிதித்தவர் களைத்தபோது கிணறும் இளைப்பாறிற்று. பம்பி களைப்பதில்லை. ஆகையால் எவ்வளவு இறைக்கலாம் என்பதைக் கமக்காரரே கணக்கிட்டுத் தீர்மானித்தல் வேண்டும்.

கொழும்பில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை ஆகிய இடங்களில் மாடிவீட்டுக்குப் பம்பி வாங்குவோர் பெரும்பாலும் நீர் ஏறவேண்டிய உயரத்தையே பார்க்கின்றனர். அங்கே நிலத்தொட்டியை நகரக் குழாய்நீர் மீண்டும் நிரப்பிவிடும். குடாநாட்டிலோ வற்றாத ஆறு இல்லை. கிணற்றை நிரப்புவது மாரிமழையே. ஆதலின் தோட்டத்திற்குப் பம்பி வாங்குமுன் உயரத்தோடு ஊற்றையும் அளத்தல் இன்றியமையாதது.

மேலிருந்து உறிஞ்சும் பம்பியின் எல்லை

தரையில் வைக்கப்படும் பம்பி நீரை இழுப்பதாக நாம் எண்ணுகிறோம். உண்மையில் அது குழாயிலுள்ள காற்றை அகற்றுகிறது. வளிமண்டல அமுக்கம் நீரை மேலே தள்ளுகிறது. அவ்வமுக்கம் ஏறக்குறைய 34 அடிக்கு மேல் நீரை உயர்த்தாது. நடைமுறையில் 20 முதல் 25 அடிவரையே எதிர்பார்க்கலாம். கோடையில் நீர்மட்டம் இதற்குக் கீழே சென்றால், எத்துணைப் பரிவலுவுடைய பம்பியும் மேலிருந்து உறிஞ்சமாட்டாது.

இதனாற் சிலர் மண்ணெண்ணெய்ப் பம்பியைக் கிணற்றினுள் இறக்கி இயக்குவதுண்டு. புகையிலுள்ள காபனோரொட்சைட்டு நிறமும் மணமும் அற்ற நஞ்சு. அது கிணற்றினுள் தங்கி, இறங்குபவரின் உயிரைப் போக்கும். இவ்வாறு ஒருபோதும் செய்தலாகாது.

நீர்மூழ்கிப் பம்பி இயங்கும் விதம்

நீர்மூழ்கிப் பம்பி நீரை உறிஞ்சுவதில்லை. நீருக்குள் இருந்துகொண்டு அதனை மேலே தள்ளுகிறது. குழாய்க்கிணற்றிற்குரிய நெடிய பம்பியில் நீர் புகாதவாறு மூடப்பட்ட மோட்டர் அடியில் இருக்கும். அதற்குமேல் நீர் புகும் வாயும், அதற்கும் மேல் இதழ்களையுடைய சிறு சக்கரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகவும் அமைந்திருக்கும். ஒவ்வொரு சக்கரமும் நீரின் அமுக்கத்தைக் கூட்டி அடுத்ததற்குக் கொடுக்கும். சக்கரங்களின் தொகை கூடுந்தோறும் நீர் ஏறும் உயரமும் கூடும்.

மோட்டரைச் சுற்றிச் செல்லும் நீரே அதன் வெப்பத்தைத் தணிக்கிறது. எனவே நீரின்றி ஓடினால் மோட்டர் எரிந்துவிடும். குழாய்க்கிணற்றுப் பம்பியை அகன்ற கிணற்றில் இறக்கினால், நீர் மோட்டரைத் தழுவாமல் நேரே வாயினுட் புகக்கூடும். அவ்வாறாயின் மோட்டரைச் சூழ ஓர் உறைக்குழாய் பொருத்துதல் வேண்டும். அன்றேல், திறந்த கிணற்றிற்கென அமைக்கப்பட்ட பம்பியை வாங்குதல் நன்று.

கிணற்றை அளத்தல்

15 அடி விட்டமுள்ள வட்டக் கிணற்றில் ஓர் அடி உயர நீர் ஏறக்குறைய 5,000 இலீற்றர் ஆகும். இதனைக்கொண்டு ஊற்றை எளிதில் அளவிடலாம். கோடைகாலத்தில் ஒரு நாள் நீரை இறைத்து நிறுத்துக. அளவு குறித்த கயிற்றை இறக்கி, ஒரு மணி நேரத்தில் எத்தனை அடி ஊறுகின்றதெனப் பார்க்க. இரண்டு அடி ஊறினால் ஊற்று மணிக்கு 10,000 இலீற்றர் தருகிறது.

அடுத்து, பம்பி தரும் நீரை 200 இலீற்றர்ப் பீப்பாவில் விட்டு நேரத்தைக் குறிக்க. 36 செக்கனில் நிரம்பினால் பம்பி மணிக்கு 20,000 இலீற்றர் தருகிறது. ஊறுவதைக் கழித்தால், மணிதோறும் 10,000 இலீற்றர், அதாவது இரண்டு அடி, குறையும். இறைக்கத்தக்க நீர் ஆறு அடியாயின் மூன்று மணி நேரத்தில் நிறுத்தல் வேண்டும். இக்கிணற்றிற்கு இன்னும் பெரிய பம்பி வாங்கினால் நீர் மிகாது. கிணறு விரைவில் வற்றும், பணமும் வீணாகும்.

நெல்லுக்கும் காய்கறிக்கும்

ஓர் ஏக்கர் வயலில் ஓர் அங்குல உயரத்திற்கு நீர் நிறுத்த ஏறக்குறைய 103,000 இலீற்றர் தேவை. மேற்கூறிய பம்பி இதற்கு ஐந்து மணி நேரத்திற்கு மேல் ஓடவேண்டும். கிணறோ மூன்று மணிக்கே இடங்கொடுக்கும். ஆகவே ஒரு கிணற்றை நம்பி நெற்பயிரை முழுப்போகமும் வளர்த்தல் இயலாது. நாற்றுமேடைக்கும், பூக்கும் பருவத்தில் மழை தவறிய வேளையில் ஒரு சிறு பகுதியைக் காப்பதற்குமே கிணற்றுநீரை வைத்துக்கொள்க. வெங்காயம், மிளகாய், கத்தரி முதலியவற்றிற்கு அதே நீர் கூடிய பயன் தரும்.

உவர்நீர் மேலேறுதல்

வவுனியா போன்ற கற்பாறை நிலங்களில் மிகுதியாக இறைத்தாற் கிணறு வற்றும். மழை பெய்ததும் மீண்டும் ஊறும். குடாநாட்டின் சுண்ணக்கல் நிலத்தில் நேரும் கேடு இதனிலும் பெரிது. அங்கே மழைநீர், கடலோடு தொடர்புள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. புத்தூருக்கு அண்மையிலுள்ள நிலாவரைக் கிணறு இதற்குக் கண்கண்ட சான்று. அதில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் உள்ளன.

உவர்நீர் நன்னீரிலும் சற்றுப் பாரமானது. ஒல்லாந்தரான பேடன் கைபன் என்பவரும், 1901இல் சேர்மானியரான ஹேர்ஸ்பேர்க் என்பவரும் இதனைக் கணக்கிட்டுக் காட்டினர். கடல்மட்டத்திற்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், அதன்கீழ் ஏறக்குறைய 40 அடி நன்னீர் இருக்கும். இறைப்பினால் மேல்மட்டம் ஓர் அடி தாழ்ந்து அவ்வாறே நிலைத்துவிட்டால், அடியிலுள்ள உவர்நீர் காலப்போக்கில் 40 அடிவரை மேலெழ முனையும். ஒருமுறை உவர்த்த கிணறு திருந்தப் பல மாரிகள் செல்லக்கூடும். அயலவரின் கிணறும் அதே நீரையே கொண்டிருப்பதால், ஒருவர் மிகையாய் இறைத்தல் பலருக்குத் தீங்காகும்.

வெங்காயத்தாளின் நுனி கருகுதல், போஞ்சி குன்றுதல், பாத்தியோரத்தில் வெண்படிவு தோன்றுதல் ஆகியன உவர்ப்பின் அறிகுறிகளாகலாம். இவற்றைக் கண்டவுடன் இறைப்பைக் குறைத்து நீரைப் பரிசோதிப்பிக்க. நல்ல நீர் தேடிச் சுண்ணக்கல்லை மேலும் ஆழமாய்த் துளைத்தால் உவர்நீரே கிடைக்கும்.

கவனிக்கவேண்டியவை

1. பம்பியை அடிச்சேற்றில் வைக்காது, இரண்டு மூன்று அடி உயர்த்தித் தொங்கவிடுக. உவர் அபாயமுள்ள இடத்தில் நீரின் மேற்பகுதியிலேயே நிறுத்துக. ஆனால் அது எப்போதும் மூழ்கியிருத்தல் வேண்டும்.
2. மின்கம்பியிற் பம்பியைத் தொங்கவிடற்க. உறுதியான நைலோன் கயிறு அல்லது துருப்பிடியாக் கம்பிவடம் கட்டுக.
3. நீர் குறைந்ததும் தானே நிறுத்தும் கருவியைப் பொருத்துக.
4. நிலத்தொடுப்புக் கம்பியும் றிப் சுவிற்சும் இன்றி இயக்கற்க. மின்னிணைப்பைத் தகுதிபெற்ற மின்வேலையாளரைக் கொண்டே செய்விக்க.
5. மின்னைத் துண்டிக்காது எவரும் கிணற்றில் இறங்கவோ, பம்பியைத் தொடவோ கூடாது.
6. ஒரே முறையில் கிணறு வற்ற இறைக்காது, காலையும் மாலையுமாகப் பகிர்ந்து இறைக்க.
7. மாரியில் வரம்பு உயர்த்தி, மழைநீரை நிலத்திலேயே சுவறவிடுக.

கிணற்றின் உட்சுவரில், கோடையில் நீர் தாழத்தக்க எல்லையை வண்ணத்தாற் குறித்துவைத்தல் நற்பழக்கம். நீர் அக்குறியை அடைந்ததும் பம்பியை நிறுத்துபவர் அடுத்த போகத்திற்கும் நீரைச் சேமிப்பவராவர். ஊற்றை அளக்கும் முறையிலும் பம்பியைத் தெரிவதிலும் ஐயம் உண்டாயின், தத்தம் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகி ஆலோசனை பெறுக.